ஏழாம் தேதிக் குரல்

நெய்வேலி
15.9.2024

அன்புத் தங்கை திலகவதிக்கு,

அண்ணன் பரமசிவம் எழுதுவது. நானும் உன் மதினியும் பிரவின்குமாரும் சுகம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? மும்பையில் மழை விட்டதா? மாப்பிள்ளையும் மகள் கிருஷ்ணப்ரியாவும் சென்னையிலிருந்து பேசினார்களா?

போன் இருக்கும்போது எதற்கு அண்ணா கடிதம் என்று போன தடவை கேட்டிருந்தாய். உன் ஆபீஸில் போனை வாசலிலேயே வாங்கி லாக்கரில் போட்டுவிடுகிறார்கள். நீ வெளியே வரும் நேரத்தில் நான் ஷிப்டில் இருப்பேன். தப்பித்தவறிக் கிடைத்தாலும் உன் மதினி பிடுங்கிக்கொள்வாள். மிச்சத்தைச் சுவருக்கு அந்தப் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் கேட்டுக்கொள்வார்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

வருகிற மே முப்பத்தொன்றோடு எனக்கு ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பத்தாறு வருடம் மைன்ஸ் டைம் ஆபீஸில் மற்றவர்கள் வருவதையும் போவதையும் குறித்துக்கொண்டிருந்தவனுக்கு, தானும் ஒருநாள் போக வேண்டும் என்பது புத்தியில் ஏறமாட்டேன் என்கிறது. வீட்டில் இருந்தால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். உன் மதினி என்னை ஷிப்ட் பஸ் என்கிறாள்.

ஒரே ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு உங்கள் பேங்க்தான் எங்கள் கேன்டீனில் கேம்ப் போட்டது, கான்ட்ராக்ட் தொழிலாளிகளுக்குக் கணக்குத் திறக்க. படிவம் நிரப்பியது நான். மொபைல் எண் என்ற கட்டத்தில் வந்து எல்லோரும் முழித்தார்கள். பாதிப் பேருக்குப் போன் இல்லை, மீதிப் பேர் சலுகைக்காக மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவர்கள். கேம்ப் ஏஜென்ட்டுக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். ஏதாவது ஒரு நம்பர் போடுங்க சார் என்றான். என் நம்பரைப் போட்டேன், இருபத்து மூன்று பேருக்கும்.

அன்றிலிருந்து சம்பளம் ஏறினால் என் சட்டைப் பையில் போன் இருபத்து மூன்று தடவை துடிக்கும். கான்ட்ராக்டர் சில மாதம் ஏழாம் தேதி போடுவார், சில மாதம் பதினைந்து. முதல் ஷிப்ட் விட்டு எல்லோரும் பஸ்ஸுக்கு நிற்கும்போது டைம் ஆபீஸ் வாசலில் நின்று "ஏறிடுச்சு" என்று ஒரு குரல் கொடுப்பேன். அவ்வளவுதான். அதன் பிறகுதான் ஏ.டி.எம். பக்கமே போவார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து வருகிற மலர்கொடி, "பேங்க்காரங்களே சொன்னாலும் நம்ப மாட்டோங்க, நீங்க சொல்லணும்" என்றாள். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சம்பளம் போடுகிறவர் யாரோ, பெருமை எனக்கு.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் எழுது.

உன் அண்ணன்,
பரமசிவம்


நவி மும்பை
6.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

திலகவதியின் வணக்கம். கழுத்து வலி பரவாயில்லை, காலர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மதினிக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? பார்த்து எழுதுங்கள்.

நீங்கள் பெருமையாக எழுதியதைப் படித்து எனக்குப் பயமாக இருக்கிறது. நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்களிடம் விவரமாகச் சொன்னதில்லை. எங்கள் மாடியில் அறுபது பேர் இருக்கிறோம். நாடு முழுக்க எங்கள் பேங்க் கணக்குகளில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது ஓடினால் கம்ப்யூட்டர் அதைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் போடும். மாதம் பன்னிரண்டாயிரம் ஏறுகிற கணக்கில் திடீரென்று மூன்று லட்சம் வந்து, பத்து நிமிடத்தில் வெளியே போகிறது என்று வையுங்கள். அது எங்கேயோ யாரோ ஏமாந்த பணம். திருடுகிறவன் தன் கணக்கில் வாங்குவதில்லை. உங்கள் ஆட்கள் மாதிரி கவனிக்காதவர்களின் கணக்கைத்தான் தேடுகிறான். போனுக்கு வருகிற ஓ.டி.பி. எண் யாரிடம் இருக்கிறதோ, கணக்கு அவன் கையில்.

சந்தேகப்பட்டால் மேலே அறிக்கை அனுப்புவோம். போலீசுக்கும் போகும். ஒன்று மட்டும் கூடவே கூடாது. சம்பந்தப்பட்டவருக்கு நாங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. கூடப் பிறந்தவராக இருந்தாலும் அதே சட்டம்தான். சொன்னால் எனக்கு வேலை போகும், கேஸும் வரும்.

அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். அந்த இருபத்து மூன்று பேரையும் கிளைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவரவர் எண்ணை மாற்றுங்கள். தீபாவளிக்குள் முடியுங்கள். குரல் கொடுப்பது நின்றுபோகுமே என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கும். இருக்கட்டும், ரிடையர் ஆகிற வயதில் தொண்டைக்கும் ஓய்வு வேண்டாமா?

அன்புடன்,
திலகவதி


நெய்வேலி
3.11.2024

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். தீபாவளிக்கு நீ தனியாக இருந்தாயே என்று உன் மதினி அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கினாள். பிறகு அதை அவளே சாப்பிட்டாள். சர்க்கரை இருநூற்றுப் பத்து. நீயே திட்டி எழுது.

முதலில் நல்ல செய்தி. பிரவினுக்கு வேலை கிடைத்துவிட்டது. அப்ரன்டிஸ் முடித்து இரண்டரை வருடம் வீட்டில் சும்மா இருந்தவன், நாளையிலிருந்து சைட் சூப்பர்வைசர். எங்கள் லேபர் கான்ட்ராக்டரிடம் ராஜ்மோகன் என்று ஒருவர் மேற்பார்வை பார்க்கிறார், சின்ன வயது, சுறுசுறுப்பு. அவர்தான் ஏற்பாடு செய்தார். இப்போது கான்ட்ராக்ட்தான், போகப்போகப் பார்க்கலாம் என்கிறார். பிரவின் புதுச் சட்டையை மூன்று தடவை இஸ்திரி போட்டுவிட்டான்.

நீ சொன்ன காரியத்தையும் கவனித்துவிட்டேன். மும்பையில் பேங்கில் இருக்கும் என் தங்கை நம்பரை மாற்றச் சொல்கிறாள் என்று ராஜ்மோகனிடம் யோசனை கேட்டேன். இருபத்து மூன்று பேருக்கும் லீவு கொடுத்துக் கிளைக்கு அனுப்பினால் ஒருநாள் சம்பளம் போகுமே, நானே மொத்தமாக முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். எல்லோரிடமும் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு ஜெராக்ஸ் வாங்கியாகிவிட்டது. நடுவில் என் போனுக்கு வருகிற எண்ணை அவருக்குப் படித்துச் சொன்னால் போதுமாம். எனக்கு அலைச்சல் மிச்சம்.

ஆனாலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. ரிடையர்மென்ட் நெருங்குவதாலோ என்னவோ, பஸ் ஸ்டாப்பில் நின்றால் பஸ் வருவதற்குள் நாலு தடவை நேரம் பார்க்கிறேன்.

உன் அண்ணன்,
பரமசிவம்


நவி மும்பை
24.11.2024
(தபாலில் சேர்க்காத கடிதம்)

அண்ணா,

இதை அனுப்ப மாட்டேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை என் முன்னால் ஒரு கோப்பு வந்து விழுந்தது. நெய்வேலிக் கிளை, இருபத்து மூன்று கணக்குகள், ஒரே மொபைல் எண். அந்த எண்ணை நான் படிக்கவே வேண்டியிருக்கவில்லை, பத்து இலக்கமும் எனக்கு மனப்பாடம்.

நாசிக்கில் ரிடையர் ஆன ஒரு நர்ஸம்மா. யாரோ போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் இரண்டு நாள் மிரட்டி, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த ஒன்பது லட்சத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள். அந்தப் பணம் மலர்கொடி, கருணாகரன், ஆரிஃப் என்று உங்கள் ஆட்களின் பெயர்களில் வந்து நாற்பது நிமிடத்தில் வெளியே போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. உங்கள் போனுக்குத்தான் வந்திருக்கிறது. அதைப் படித்துச் சொன்னது நீங்கள். யாரிடம் சொன்னீர்கள் என்பது உங்கள் தீபாவளிக் கடிதத்திலேயே இருக்கிறது. நம்பர் மாற்றுங்கள் என்று நான் சொன்னதையே சாக்காக வைத்து அந்த ஆள் உள்ளே புகுந்துவிட்டான். அந்தக் கடிதம் வந்த அன்றே உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கழுத்து வலி, வேலை நெருக்கடி, நாளைக்குப் பேசலாம் என்று விட்டுவிட்டேன்.

என் மேலாளர் சுப்பிரமணியன் சாரிடம் போய், இது என் அண்ணன் எண் என்று சொன்னேன். கோப்பை வேறொருவரிடம் மாற்றினார். "அவரிடம் நீங்கள் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாதும்மா" என்றார். ஆனால் அறிக்கையின் முதல் குறிப்பு என் கையால் எழுதியது. அதில் உங்கள் பெயரை முழுதாக, எழுத்து மாறாமல் எழுதினேன்.

மே மாதம் உங்களுக்கு ரிடையர்மென்ட். கேஸில் உங்கள் பெயர் சேர்ந்தால் வரவேண்டிய பணத்தையெல்லாம் நிறுத்தி வைப்பார்கள். பிரவின் அவனிடமே வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். ஒரு போன் போட்டால் போதும், உங்களைக் காப்பாற்றிவிடலாம். போனை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாளாக வீட்டுக்குள் நடக்கிறேன். அந்த நர்ஸம்மாவின் புகாரைப் படிக்காமல் இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன்.

திலகவதி


நவி மும்பை
27.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். இங்கே லேசாகக் குளிர் ஆரம்பித்திருக்கிறது. ஆபீஸில் வேலை அதிகம். கொஞ்ச நாளைக்கு என்னால் எழுதவோ பேசவோ முடியாது. மதினியை மாத்திரை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திலகவதி


நெய்வேலி
8.12.2024

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். உன் கடிதம் திங்கட்கிழமை, புயல் மழைக்கு நடுவில் நனைந்து வந்து சேர்ந்தது. நலம் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்.

இங்கே டவுன்ஷிப்பில் மரங்கள் விழுந்ததோடு சரி. குறிஞ்சிப்பாடிப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம். மலர்கொடி நாலு நாள் வேலைக்கு வரவில்லை. மைன்ஸிலும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராஜ்மோகனுக்கும் எனக்கும் ஒரு சின்ன விஷயத்தில் வார்த்தை தடித்துவிட்டது. பிரவினை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். ஓசூரில் உன் மதினியின் தம்பி வீட்டில் இருந்து வேறு வேலை தேடட்டும் என்று வியாழக்கிழமை அனுப்பி வைத்தேன். ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் என்னப்பா என்று கேட்டான். அப்பா சொன்னால் கேள் என்றேன். உன் மதினி என்னோடு பேசுவதில்லை.

நேற்று ஏழாம் தேதி. நாள் முழுக்க மழை விட்டு விட்டுப் பெய்தது. வேறு விசேஷமில்லை.

பரமசிவம்


நெய்வேலி
20.12.2024

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். உன்னை எழுதாதே என்று உன் வேலை சொல்கிறது, என்னை எழுது என்று எதிரில் உட்கார்ந்திருக்கும் மலர்கொடி சொல்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி இருபத்து மூன்று கணக்குகளையும் முடக்கிவிட்டார்கள். பணம் போடலாம், எடுக்க முடியாது. கிளையில் கேட்டால் மகாராஷ்டிராவில் நாசிக் போலீஸ் என்கிறார்கள். நாசிக் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட இவர்களுக்குத் தெரியாது. ஏழாம் தேதி ஏறிய சம்பளம் அப்படியே உள்ளே கிடக்கிறது. கருணாகரன் கடையில் கடனுக்கு அரிசி வாங்குகிறான். ஆரிஃப் பணம் கட்ட முடியாமல் தன் தாயாரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டான். ராஜ்மோகன் பத்தாம் தேதியிலிருந்து ஆளைக் காணோம்.

மலர்கொடியின் மகள் கடலூரில் நர்சிங் படிக்கிறாள். பரீட்சைக் கட்டணம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய், பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளம் ஏறட்டும் என்று இருந்திருக்கிறாள். சேதி ஒன்றும் வரவில்லையே என்று ஒன்பதாம் தேதி சாயங்காலம் தானாகவே ஏ.டி.எம்.முக்குப் போனால், இயந்திரம் முடியாது என்று சொல்லிவிட்டது. புயலில் வீடு போன தெருவில் யாரிடம் கைமாற்றுக் கேட்பது? தேதி போய்விட்டது. அந்தப் பெண் இப்போது வீட்டில் இருக்கிறாள்.

எங்களிடம் கேட்டிருக்கலாமே என்று உன் மதினி அழுதாள். "ஏறுனா சாரு கொரலு குடுப்பாருன்னு இருந்துட்டோங்க" என்றாள் மலர்கொடி.

உங்க தங்கச்சி பேங்குலதானே இருக்காங்க, ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க என்கிறாள். உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டு எழுதிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

பரமசிவம்


நெய்வேலி
5.1.2025

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். புது வருடம் உனக்காவது நல்லபடி இருக்கட்டும்.

சைபர் கிரைம் போலீஸ் வந்தார்கள். ஜீப்பை எங்கள் பிளாக் முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். உன் மதினி காபி கொடுத்தாள், குடித்தார்கள். என் போனை ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் இனி உனக்கும் எனக்கும் தபால்தான்.

இரண்டு நாள் கடலூருக்குப் போய் வந்தேன். நீங்க படிச்சவருதானே சார், முப்பது தடவை ஓ.டி.பி. கேட்டப்ப சந்தேகம் வரலையா என்றார் இன்ஸ்பெக்டர். என்னை விடச் சின்னவர். பதில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். நான் சாட்சியா, குற்றவாளியா என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. ராஜ்மோகனை விழுப்புரத்தில் பிடித்துவிட்டார்களாம். அவன் என் பெயரை எப்படிச் சொல்கிறானோ அப்படி என் மே மாதம் இருக்கும்.

பொங்கலுக்கு ஆறு நாள் முன்னால் வாசலுக்கு வெள்ளையடிப்பது என் வழக்கம். இந்த வருடம் சுண்ணாம்பு வாங்கக் கடைவீதிக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்குள்ளும் இருக்க முடியவில்லை. சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன், போன் துடிப்பது போலவே இருக்கிறது. பை காலி.

நீ பதில் எழுதாததில் எனக்குக் கோபம் இல்லை. நிஜமாகவே இல்லை.

பரமசிவம்


நவி மும்பை
19.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இத்துடன் நவம்பரில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை வைத்திருக்கிறேன். போலீஸ் உங்கள் வீட்டுக்கே வந்துவிட்ட பிறகும் இதை நான் உங்களுக்கு அனுப்பக் கூடாதுதான். அனுப்புகிறேன். படித்துப் பாருங்கள். உங்களைப் பற்றி முதலில் எழுதிக்கொடுத்தது நான்தான்.

என்னைப் படிக்க வைத்தது நீங்கள். பேங்க் பரீட்சைக்கு என்னை ரயிலேற்ற வந்து, ரயில் கிளம்பிய பிறகும் ஜன்னலோடு ஓடி வந்து பேனா கொடுத்தது நீங்கள். அந்தப் பேனாக்காரிதான் உங்கள் பெயரை எழுதினாள். செய்தது சரி என்று புத்தி சொல்கிறது. ஆனால் சோற்றில் கை வைத்தால் இறங்கமாட்டேன் என்கிறது.

உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தேன். அது ஒன்றையாவது முழுசாகச் செய்தேன் என்று நினைத்துத்தான் நாளை ஓட்டுகிறேன். என்னை மன்னிக்க முடிந்தால் நாலு வரி எழுதுங்கள்.

திலகவதி


நெய்வேலி
2.2.2025

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். நாங்கள் நலம்தான். உன் மதினி பேச ஆரம்பித்துவிட்டாள். சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். மோர் ஊற்றியாவது சாப்பிடு.

உன்னை மன்னிக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அது நிஜமில்லை. நீ சொல்லிவிட்டாய். பக்கம் பக்கமாக எழுதுகிற நீ எட்டு வரி எழுதினாய். பிரவினுக்கு முதல் வேலை கிடைத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அத்தைக்காரி ஒரு சபாஷ்கூடச் சொல்லாமல் குளிரைப் பற்றி எழுதினால் என்ன அர்த்தம்? உன் முதல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். கூடப் பிறந்தவராக இருந்தாலும் சொல்லக் கூடாது என்ற வரிக்கு வந்ததும் மேலே படிக்காமல் மடித்து வைத்துவிட்டேன்.

எனக்கு ஏற்கெனவே உறுத்தல் இருந்தது. நவம்பரில் ஒருநாள் போன் விடாமல் துடித்தது. நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று வந்தது, போனது. ராஜ்மோகனிடம் கேட்டேன். கான்ட்ராக்டர் அரியர்ஸ் பணம் சார், சுற்றி வருகிறது என்றான். அதே மூச்சில் பிரவினை மூன்று மாதத்தில் நல்ல இடத்தில் போட்டுவிடலாம் என்றான். நான் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். இதைப் போலீசிடம் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை.

போலீசிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. உன் எட்டு வரி வந்த மூன்றாம் நாள் பிரவினை ஓசூருக்கு அனுப்பினேன். சனிக்கிழமை ஏழாம் தேதி, பதினொரு மணிக்குச் சம்பளம் ஏறியது. இருபத்து மூன்று தடவை. இரண்டு மணிக்கு எல்லோரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். மலர்கொடி என் முகத்தைப் பார்த்தாள். கணக்குகளை எந்த நேரமும் முடக்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஏறிடுச்சு, இன்றைக்கே முழுக்க எடுத்துவிடுங்கள் என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பார்கள். வழக்கம்போல ஏறிடுச்சு என்று மட்டும் சொல்லியிருந்தாலும் போதும்.

சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் ஒரே நாளில் துடைத்து எடுத்தால், இவனுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று கேட்பார்கள். என் தங்கை எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடுவார்கள். இப்படி நினைத்துக்கொண்டு கையைப் பையில் வைத்து போனை அமுக்கிப் பிடித்தேன். பஸ் வந்தது, ஏறிப் போனார்கள். என் பிள்ளையை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மற்றவர்களை உள்ளே விட்டுவிட்டேன்.

இதை நானும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. பிரவினை நிறுத்தியதற்கு ராஜ்மோகனோடு சண்டை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். சம்பளப் பணத்தை மட்டும் இந்த வாரம் விடுவித்துவிட்டார்கள்.

உன் அண்ணன்,
பரமசிவம்


நவி மும்பை
12.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். மதினியையும் பிரவினையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆபீஸுக்குப் போய்விட்டு வந்தேன். கம்ப்யூட்டர் எதிரில் உட்கார்ந்தால், யார் எதை மறைக்கிறார்கள் என்று தேடுகிற வேலையை நான் எந்த முகத்தோடு செய்வது? சுப்பிரமணியன் சாரிடம் போனேன். நவம்பரில் நான் எழுதிய எட்டு வரியிலிருந்து அண்ணன் ஊகித்துவிட்டார், மகனை வெளியே எடுத்துவிட்டார், ஜனவரியில் எல்லாவற்றையும் நானே எழுதி அனுப்பியும் விட்டேன் என்று சொன்னேன். எழுதிக் கொடுங்கம்மா என்றார். எழுதிக் கொடுத்தேன். இப்போது என்னைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்திருக்கிறார்கள், விசாரணை நடக்கும். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. உங்களிடமும் மறுபடி கேட்க வருவார்கள். இந்தத் தடவை சண்டை என்று சொல்லாதீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது அண்ணா. எனக்காக வாயை மூடினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்காக ஒருவர் பட்டினி கிடக்க நான் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் பரீட்சையை என் பெயரில் நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் மலர்கொடி வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல வேண்டும். கடிதத்தில் எனக்குச் சொல்வது சுலபம்.

திலகவதி


நெய்வேலி
23.2.2025

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். உன் கழுத்து வலி, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் உன் மதினி விசாரிக்கச் சொன்னாள். மும்பையைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு மாப்பிள்ளையிடம் போய் இரு என்கிறாள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். மெயின் பஜார் வரை போவேன், திரும்புவேன். வடலூர் வரை பஸ்ஸில் போய், குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஏறாமல் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். நேற்றுவரை, அவளுக்கு வேலை நாள் என்று ஒரு சாக்கு இருந்தது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சாக்கு இல்லை. போய்விட்டேன்.

மலர்கொடி நெய்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள், பக்கத்துத் தறிக்காரர்களுடையது. மகள் உதவிக்கு இருந்தாள். உட்காருங்க சார் என்று அந்தப் பெண் நாற்காலியைத் துடைத்துப் போட்டது. நான் நின்றுகொண்டே சொன்னேன். ஏழாம் தேதி பதினொரு மணிக்கே ஏறிவிட்டது, எனக்குத் தெரியும், முடக்கப் போகிறார்கள் என்பதும் தெரியும், சொன்னால் என் தங்கைக்கு வேலை போய்விடும் என்று சொல்லாமல் இருந்தேன் என்றேன். அந்தப் பெண் மடித்துக்கொண்டிருந்த புடவையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது.

மலர்கொடி திட்டவில்லை. திட்டுவாள் என்றுதான் தயாராகப் போனேன். கொஞ்ச நேரம் புடவை ஓரத்தையே நீவிக்கொண்டிருந்தாள்.

"நாங்க உங்க கொரலுக்குத்தான் காத்துக்கினு இருந்தோங்க. அன்னிக்கு மழையில பஸ் ரெண்டு நிமிஷம் நின்னுச்சு. நீங்க பையில கைய வுட்டுக்கினு நின்னீங்க, நான் பாத்தேன்" என்றாள்.

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். அவள் பின்னாலேயே வந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவள் மாதிரி இருந்தது, பிறகு கேட்டாள்.

"உங்க தங்கச்சிக்கு அந்த வேலையாவது நெலைச்சுச்சாங்க?"

திலகா, எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நீ எழுது, அடுத்த ஞாயிறு கொண்டுபோய் அவளிடம் சொல்கிறேன்.

உன் அண்ணன்,
பரமசிவம்